எட்டு மணிக்கு அளந்த மழை

மார்ச் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

பெரியவள் எழுதுவது. நானும் உங்கள் மாப்பிள்ளையும் சௌக்கியம். உங்கள் மூட்டு வலி எப்படி இருக்கிறது? தம்பியும் அவன் மனைவியும் குழந்தையும் சுகம்தானே? போனிலேயே கேட்டிருப்பேன். காதுக் கருவியை மேசை இழுப்பறைக்குள் பூட்டி வைத்துவிட்டு, "லைன் சரியில்ல, லைன் சரியில்ல" என்று நீங்கள் கத்துவதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை. அதனால் கடிதம்.

ஒரு நல்ல செய்தி. நம் ஊருக்கு மழைநீர் வடிகால் போடும் திட்டம் ஒருவழியாக எங்கள் வடிவமைப்புப் பிரிவுக்கு வந்துவிட்டது. வந்தது என் மேசைக்கே. நம் தெரு வழியாகத்தான் முக்கியக் குழாய் போகிறது. மழைக்காலம் வந்தால் தம்பி கடை மெத்தைகளைப் பரணில் ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிறானே, அதற்கு ஒரு முடிவு வரும்.

குழாய் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று சொல்ல, ஊரில் இதுவரை பெய்த மழையின் கணக்கு வேண்டும். நீரேற்று நிலையத்துப் பதிவேடுகளை வரவழைத்தேன். முப்பத்தொரு வருஷம். எல்லாம் உங்கள் கையெழுத்து. ஒரு நாள்கூட விடுபடவில்லை, ஓர் எண்கூட அடித்துத் திருத்தவில்லை. எங்கள் தலைமைப் பொறியாளர் புரட்டிப் பார்த்துவிட்டு, "இந்த மாதிரி பதிவேட்ட என் சர்வீஸ்லயே பார்த்ததில்லம்மா" என்றார். எங்க அப்பா எழுதினது சார் என்றேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரு சின்னச் சந்தேகம். ஒவ்வொரு வருஷத்திலும் அதிகம் பெய்த நாளை மட்டும் தனியே எடுத்து எழுதினேன். முதல் ஒன்பது வருஷம் எண்கள் மேலும் கீழுமாக இருக்கின்றன. ஒரு வருஷம் நூற்று அறுபத்தெட்டு மில்லிமீட்டர்கூட உண்டு. அதற்குப் பிறகு, பாதிக்கு மேற்பட்ட வருஷங்களில் உச்சம் சரியாக நூற்று நான்கு. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மழைமானிக்குள் இருக்கும் பாட்டில் அந்த அளவோடு நிரம்பிவிடுமா? நிரம்பினால் என்ன செய்வீர்கள்? இரண்டு வரி எழுதினால் போதும்.

மருந்தை நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் அன்பு மகள்


மார்ச் 21

அன்பு மகளுக்கு அப்பாவின் ஆசிகள்.

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம், என் மூட்டைத் தவிர. வைத்தியர் தினமும் நட என்கிறார். மருமகள் நடக்காதீர்கள் என்கிறாள். நான் இரண்டு பேருக்கும் பொதுவாக வாசல்வரை போய்த் திரும்புகிறேன்.

உன் தலைமைப் பொறியாளர் சொன்னதை மருமகளிடம் படித்துக் காட்டினேன். அவள் குழந்தைக்கு ஊட்டிக்கொண்டே "அப்படியா மாமா" என்றாள். இந்த வீட்டில் எனக்கு உள்ள மரியாதை அவ்வளவுதான். பரவாயில்லை, உன் ஆபீசிலாவது தெரிந்ததே.

பதிவேடு சுத்தமாக இருக்கிறது என்றால் சும்மா வரவில்லை. காலை எட்டு மணிக்கு அளக்க வேண்டும் என்பது விதி. எட்டு மணிக்கு முன்னால் நான் ஒருநாளும் மழைமானியின் புனல் மூடியைத் தொட்டதில்லை. எட்டு தாண்டியதும் இல்லை. சின்னவன் பிறந்த அன்று ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பிப் போய் அளந்துவிட்டுத்தான் திரும்பினேன். உன் அம்மா அதைக் கடைசிவரை சொல்லிக் காட்டினாள். ஓய்வு பெற்ற பிறகும் என் இடத்துக்கு யாரையும் போடவில்லை. இன்றும் நான்தான் போய் அளக்கிறேன்.

எதிர்வீட்டுக்காரன் வாசலில் சிமெண்ட் மேடு போட்டுத் தன் தண்ணீரை நம் பக்கம் தள்ளிவிட்டிருக்கிறான். கேட்டால் சிரிக்கிறான். இதையும் உன் திட்டத்தில் குறித்துக்கொள். தெரு விளக்கு இரண்டு எரியவில்லை. அது உன் துறை இல்லை என்று தெரியும், இருந்தாலும் யாரிடமாவது சொல்.

மற்றபடி நீ கேட்டதெல்லாம் பதிவேட்டில் தெளிவாகவே இருக்கிறது.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அப்பா


ஏப்ரல் 6

அன்புள்ள அப்பா,

நாங்கள் நன்றாக இருக்கிறோம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். சிமெண்ட் மேடு, தெரு விளக்கு, மருமகள் மரியாதை எல்லாம் தெரிந்துகொண்டேன். கேட்ட ஒரே கேள்விக்குத்தான் பதில் இல்லை.

ஏன் நச்சரிக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். இனி வரப்போகும் மழையை யாரும் பார்த்துவிட்டு வந்து குழாய் போட முடியாது. போன மழைகளை வைத்துத்தான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வருஷத்தின் உச்சத்தையும் வரிசையாக அடுக்கி, சராசரியாக ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை எவ்வளவு கொட்டும், இருபத்தைந்து வருஷத்துக்கு ஒருமுறை எவ்வளவு கொட்டும் என்று கணக்குப் போடுகிறோம். உங்கள் எண்களை வரைதாளில் போட்டால் கோடு ஏறவே மாட்டேன் என்று படுத்துக்கொள்கிறது. இருபத்தைந்து வருஷ மழை ஐந்து வருஷ மழையைவிடக் கொஞ்சம்தான் உயரம். எந்த ஊரிலும் அப்படி இருக்காது.

அந்தக் கணக்குப்படி நம் தெருவுக்கு அறுநூறு மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாய் போதும். போதாது என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். போன மழையில் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நிற்க, மேசைமேல் ஏறி உட்கார்ந்திருந்தவர் நீங்கள்தானே? மறுநாள் காலை பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று பார்த்தேன். நூற்று நான்கு.

உள்ளூரில் முப்பது வருஷப் பதிவு இருந்தால் அதைத்தான் எடுக்க வேண்டும் என்பது எங்கள் விதி. அதில் குறை உண்டு என்று ஆதாரம் காட்டினால், அதை விட்டுவிட்டுச் சுற்று வட்டார ஊர்களின் மழையை எடுக்கலாம். தலைமைப் பொறியாளர், "எண்ணு ஒரே மாதிரி இருக்குன்னு சொன்னா எப்படிம்மா? ஆதாரம் கொண்டாங்க" என்கிறார். அந்த மழைமானியைத் தொட்ட ஒரே ஆள் நீங்கள்.

பாட்டில் நிரம்பினால் என்ன செய்வீர்கள்? அடிக்கோடு போட்டிருக்கிறேன், பாருங்கள்.

உங்கள் மகள்


ஏப்ரல் 25

அன்பு அக்காவுக்கு,

சின்னவன். நீயும் அத்தானும் நலம் என்று நினைக்கிறேன். இங்கே நலம் என்று எழுத எனக்கு மனசு வரவில்லை.

அப்பாவுக்கு நீ என்ன எழுதித் தொலைத்தாய்? ஒரு வாரமாக வீட்டில் யாரோடும் பேச்சு இல்லை. இத்தனை நாள் அடுத்த அறையில் நாங்கள் குசுகுசு என்று பேசியதெல்லாம் அவருக்குக் கேட்டது. இப்போது சாப்பிடக் கூப்பிட்டால் கேட்கவில்லை. நேற்று மெத்தை பார்க்க வந்த ஒருவரைப் பிடித்து உட்கார வைத்து, "பெத்த பொண்ணே என்னைச் சந்தேகப்படறா சார்" என்று ஆரம்பித்துவிட்டார். அந்த மனிதர் "அப்புறம் வரேன்" என்று போனவர்தான்.

என் பாட்டையும் கேள். தண்ணீர் குடித்த பஞ்சு மெத்தையைத் தூக்கிப் பார்த்திருக்கிறாயா? நாலு ஆள் வேண்டும். தூக்கி வெயிலில் போட்டாலும் நாற்றம் போகாது. போன வருஷமும் அப்படி, அதற்கு முந்தின வருஷமும் அப்படி. என் மச்சான் தன் ஊருக்கு வந்து கூடச் சேர்ந்து கடை போடு என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். மேட்டு நிலம், தண்ணீர் ஏறாது. இந்த மழைக்கும் உள்ளே வந்தால் நான் கடையைக் காலி செய்துவிட்டுக் கிளம்பிவிடுவேன். வீட்டுக்காரியும் தயார். அப்பாவிடம் சொன்னேன். "நீ போ, நான் எங்கயும் வரல" என்கிறார். காது கேட்காத மனுஷனைத் தண்ணீர் புகுகிற வீட்டில் தனியாக விட்டுவிட்டுப் போய் நான் எப்படித் தூங்குவேன்?

நீதானே இஞ்சினியர்? குழாயைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டுவிட்டுப் போயேன். யார் வந்து அளந்து பார்க்கப் போகிறார்கள்? அதற்கு எதற்கு அப்பாவோடு வம்பு?

தம்பி


மே 3

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் சுகமாக இருங்கள். உன் கடிதம் படித்து எனக்குத் தலைவலி வந்துவிட்டது, அதைத் தவிர இங்கும் சுகம்தான்.

பெரிதாகப் போட்டுவிட்டுப் போ என்கிறாய். தையல்காரரிடம் கொஞ்சம் தளர்வாகத் தையுங்கள் என்று சொல்கிற மாதிரி இருக்கிறது. ஒவ்வொரு குழாய்க்கும் இந்த அளவு ஏன் என்று நான் எழுதிக் காட்ட வேண்டும். அதை நான்கு பேர் சரிபார்ப்பார்கள். "எங்க வீடு பள்ளத்துல இருக்கு சார், தம்பி மெத்தைக் கடை வச்சிருக்கான்" என்று எழுதினால் வேலையை விட்டே அனுப்பிவிடுவார்கள். ஏற்கெனவே, சொந்த அப்பாவின் பதிவேட்டில் குறை சொல்கிறவள் என்று ஆபீசில் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

வழி ஒன்றுதான். பாட்டில் நிரம்பி வழிந்தது, வழிந்த தண்ணீர் கணக்கில் வரவில்லை என்று அப்பா ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். யாரும் அவரைக் குற்றம் சொல்ல மாட்டார்கள். நல்ல நேரமாகப் பார்த்து நீ கேள். நல்ல நேரம் என்று அவருக்கு ஒன்று இருந்தால்.

கடையைக் காலி செய்வது பற்றி இப்போது பேசாதே. உன் காலில் விழுகிறேன், கொஞ்சம் பொறு.

அக்கா


மே 28

மகளுக்கு,

ஆசிகள். உடம்பு இருக்கிறது.

சின்னவனைத் தூது விட்டாயாம். வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தான். அவன் ஆறு வயதுக்குப் பிறகு என்னைத் தொட்டதே இல்லை. அப்போதே தெரிந்துவிட்டது, இது உன் வேலை என்று.

நேராகவே எழுதுகிறேன். முதலில் இருந்த பாட்டில் பெரியது. அது விரிசல் விட்டது. புதிது கேட்டு எழுதினேன், சின்னது அனுப்பினார்கள். இது போதாது, பழைய அளவில் வேண்டும் என்று திரும்ப எழுதினேன். இருப்பில் இல்லை என்று பதில் வந்தது. நான் என்ன, கண்ணாடித் தொழிற்சாலையா வைத்திருக்கிறேன்? கொடுத்த பாட்டிலை வைத்து அளந்தேன். அதில் இருந்ததை எழுதினேன். இல்லாததை எழுதியதில்லை. தூக்கம் பிடித்தால் ஒரு எண்ணை மனதில் போட்டு எழுதுகிற ஆட்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். நான் கண்ணால் பார்க்காத ஒரு சொட்டைக்கூடப் பதிவேட்டில் ஏற்றியதில்லை.

பாட்டில் நிரம்பி வழிந்தது என்று கையெழுத்துப் போடச் சொல்கிறாய். நான் எட்டு மணிக்குப் போனபோது பாட்டில் விளிம்புவரை நிறைந்திருந்தது. அது நான் பார்த்தது. வழிந்ததை நான் பார்க்கவில்லை. பார்க்காததற்கு எப்படிக் கையெழுத்துப் போடுவேன்? மகள் கேட்கிறாள் என்பதற்காகவா?

இத்துடன் இந்தப் பேச்சை விடு.

அப்பா


ஜூன் 9

அன்புள்ள அப்பா,

நலமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும், கேட்கிறேன். நலமா?

விளிம்புவரை நிறைந்த பாட்டிலைப் பார்த்தீர்களாம், வழிந்ததைப் பார்க்கவில்லையாம். அப்பா, இதைப் படித்துவிட்டு நான் நாற்காலியை விட்டு எழுந்து அறைக்குள்ளேயே நடந்தேன். மழை அந்த விளிம்போடு நின்று, "போதும், பெரியவர் எட்டு மணிக்கு வருவார்" என்று போய்விட்டதா? அதுவும் இத்தனை வருஷம், ஒவ்வொரு முறையும், சரியாக அதே விளிம்பில்?

நீங்கள் பொய் எழுதவில்லை. யாரும் அப்படிச் சொல்லவில்லை. உங்கள் நேர்மையில்தான் இந்தக் குழாய் சிறுத்துப்போனது. பொய் எழுதுகிற ஆளாக இருந்திருந்தால் குத்துமதிப்பாக நூற்றைம்பது என்று போட்டிருப்பீர்கள், கணக்கு இதைவிடச் சரியாக வந்திருக்கும். இப்படி எழுதுகிறேனே என்று எனக்கே கோபம் வருகிறது, இருந்தாலும் உண்மை அதுதான்.

பகலில் மழை கொட்டிய நாட்களில் மழைமானி இருக்கும் முற்றத்துக்கு ஒருமுறை, ஒரே ஒருமுறை, எட்டிப் பார்த்திருக்கலாமே? அந்த நிலையத்துக்குள்தானே வேலை பார்த்தீர்கள்?

திட்டத்தை முடித்துக் கொடுக்கச் சொல்லி நெருக்குகிறார்கள். ஆதாரம் இல்லாவிட்டால் அறுநூறு என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். அந்தக் குழாய் ஐம்பது வருஷம் மண்ணுக்குள் இருக்கும். நம் வீட்டு வாசலில்.

மகள்


ஆகஸ்ட் 2

அன்புள்ள அப்பாவுக்கு,

எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? இரண்டு மாதமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. தம்பியைக் கேட்டால், "இருக்காரு, சாப்பிடறாரு, காலையில போறாரு, வர்றாரு" என்று செய்தி வாசிக்கிறான்.

போன கடிதத்தில் கொஞ்சம் அதிகமாக எழுதிவிட்டேன். எழுதியது தப்பு என்று சொல்ல மாட்டேன், எழுதிய விதம் தப்பு.

நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. தெருவின் உயர அளவுகளில் ஒன்று சரியில்லை, திரும்ப அளக்கட்டும் என்று கோப்பை ஒருமுறை திருப்பி அனுப்பினேன். வரைபடத்தில் ஒரு சந்து விடுபட்டிருக்கிறது என்று இன்னொரு முறை. அந்தச் சந்தில் இரண்டு வீடும் ஒரு மாட்டுக் கொட்டகையும்தான் இருக்கின்றன. தலைமைப் பொறியாளர் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்து, "இன்னும் எத்தன சந்தும்மா பாக்கி?" என்றார். மாத இறுதிக்கு மேல் தள்ள முடியாது, மிஞ்சினால் அடுத்த மாதம்.

கேள்வியைத் திரும்பக் கேட்கவில்லை. உங்கள் மூட்டு எப்படி இருக்கிறது, அதையாவது எழுதுங்கள்.

பெரியவள்


செப்டம்பர் 16

அக்கா,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம். நீ நலமா?

திங்கட்கிழமை காலையில் பிடித்த மழை. மதியத்துக்குள் தெரு தெரியவில்லை. நானும் வீட்டுக்காரியும் மெத்தைகளை ஒவ்வொன்றாகப் பரணில் ஏற்றிக்கொண்டிருந்தோம். குழந்தையைக் கட்டிலில் போட்டுச் சுற்றிலும் தலையணை அடுக்கியிருந்தோம். பாதி ஏற்றியிருப்போம். "மாமா எங்க?" என்றாள். வீடு முழுக்கத் தேடினோம். ஆள் இல்லை, குடையும் இல்லை.

இருந்ததை இருந்தபடி போட்டுவிட்டு இடுப்பளவுத் தண்ணீரில் ஓடினேன். எங்கே போயிருப்பார்? நீரேற்று நிலையத்துக்குத்தான். அது மேட்டில் இருக்கிறது, நல்லவேளை. போய்ப் பார்த்தால் அப்பா முற்றத்தில் மழைமானிப் பக்கம் குனிந்து நிற்கிறார். தொப்பலாக நனைந்திருக்கிறார். காவலாளி குடை பிடித்திருக்கிறான். யாருக்கு என்கிறாய்? பதிவேட்டுக்கு!

"அப்பா, வீடு முழுகுது, வாங்க" என்று கத்தினேன். அவர் என் கையைப் பிடித்து இழுத்து, "இங்க பாரு, வழியுதுடா, பாரு" என்றார். பாட்டில் நிரம்பி வாய் வழியாக வழிந்துகொண்டிருந்தது. அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். சந்தோஷமா, அழுகையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பாட்டிலைக் கொட்டி அளந்தார், எழுதினார், திரும்ப வைத்தார். அது இரண்டாவது முறையாம். நான் இழுத்தும் வரவில்லை. தூக்கிக்கொண்டு வரலாம் என்றால் அந்தத் தண்ணீரில் நானே விழுந்துவிடுவேன். சாயங்காலம் மழை விட்டு, மிச்சத்தையும் அளந்த பிறகுதான் கிளம்பினார்.

வீட்டுக்கு வந்தோம். கீழே இருந்த மெத்தை அத்தனையும் போச்சு. தனியாளாக அவள் எத்தனையைத்தான் தூக்குவாள்? நான் போனபோது நனைந்த மெத்தை ஒன்றைத் தனியாக இழுத்துக்கொண்டிருந்தாள். அதுதான் தாங்கவில்லை. அப்பாவுக்கு அன்றிலிருந்து காய்ச்சல், இப்போது இறங்கியிருக்கிறது.

உன் ஆதாரம் இதோ, இதனுடன் வைத்திருக்கிறேன். நீயும் அவரும் கடிதம் எழுதி எழுதி என் கடையை மூழ்கடித்துவிட்டீர்கள். மச்சானிடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். இனி என்னைப் பொறு என்று சொல்லாதே.

தம்பி

(இணைப்பு, அப்பாவின் கையெழுத்தில்)

இம்மாதம் 12ஆம் தேதி பகலில், மழைமானியின் பாட்டில் நிரம்பி வழிவதை நான் என் கண்ணால் பார்த்தேன். இரண்டு முறை கொட்டி அளந்தேன், இரண்டு முறையும் நூற்று நான்கு. மழை விட்டபின் மிச்சம் ஐம்பத்தேழு. மொத்தம் இருநூற்று அறுபத்தைந்து மில்லிமீட்டர். கொட்டுவதற்கு முன் வழிந்து போனது எவ்வளவு என்று தெரியாது, அதனால் சேர்க்கவில்லை. இந்த அளவுகள் எட்டு மணிக்கு எடுத்தவை அல்ல. எட்டு மணிக்கு மட்டும் பார்த்திருந்தால் நூற்று நான்கு என்றுதான் எழுதியிருப்பேன்.


அக்டோபர் 8

என் அன்பு அப்பாவுக்கு,

காய்ச்சல் முழுதாக விட்டதா? தம்பியிடம் கேட்டால், "விட்டுச்சு" என்று ஒரே வார்த்தை. அவன் என்னோடு பேசுவதே இல்லை.

உங்கள் தாளைத் தலைமைப் பொறியாளரிடம் கொடுத்தேன். கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் படித்தார். பிறகு, "சரிம்மா, சுத்துப்பட்டு ஊர்க் கணக்க எடுங்க" என்றார். எடுத்துப் போட்டோம். நம் தெருவுக்குத் தொள்ளாயிரம் மில்லிமீட்டர் குழாய். நேற்று ஒப்புதல் ஆகிவிட்டது. ஆனால் தோண்டுவது மழைக்காலம் முடிந்த பிறகுதான். இந்த வருஷத்துக்கு ஒன்றும் இல்லை.

அறிக்கையில் காரணம் எழுத வேண்டும் இல்லையா? 'இந்நிலையத்தின் மழைப்பதிவு வடிவமைப்புக்கு ஏற்றதல்ல' என்று நான்தான் எழுதினேன். எழுதும்போது ஒன்றும் தெரியவில்லை. மத்தியானம் ஆபீஸ் உதவியாளர் உங்கள் முப்பத்தொரு பதிவேடுகளையும் கயிறு போட்டுக் கட்டி, வேண்டாத தாள்கள் போடுகிற கீழ்த்தட்டில் தள்ளினார். அப்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. கேட்டதை வாங்கிக்கொண்டேன், ஜெயித்துவிட்டேன், எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை அப்பா.

யார் உங்களை அந்த மழையில் போய் நிற்கச் சொன்னது? நான்தான் சொன்னேன், தெரியும். இருந்தாலும் யார் போகச் சொன்னது?

தம்பி கிளம்பினால் நீங்கள் அங்கே தனியாக இருக்கக் கூடாது. இங்கே உங்களுக்கு ஓர் அறை ஒழித்து வைத்திருக்கிறேன். மாப்பிள்ளை வந்து அழைத்து வருவார். தயவுசெய்து மறுக்காதீர்கள்.

உங்கள் பெரியவள்


நவம்பர் 1

அன்பு மகளுக்கு,

அப்பாவின் ஆசிகள் எப்போதும் உண்டு. காய்ச்சல் விட்டது. மூட்டு அப்படியே.

தொள்ளாயிரம் என்று படித்ததும் கடிதத்தை எடுத்துக்கொண்டு தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தேன். என் மகள் போட்ட கணக்கு என்று சொன்னேன்.

சின்னவன் போன வாரம் போய்விட்டான். வண்டியில் சாமான் ஏற்றி முடித்து, "வாப்பா, போலாம்" என்றான். குழந்தை என் வேட்டியைப் பிடித்து இழுத்தது. மழைக்காலம் முடியட்டும் என்றேன். அவன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வண்டியில் ஏறினான். வண்டி தெரு முனை திரும்பும்வரை நின்றேன். உள்ளே வந்தால் கடை முழுக்க வெறும் தரை. எனக்கு அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை. நீ என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள், அன்று நான் அவன் கூட இருந்து மெத்தைகளைத் தூக்கியிருக்க வேண்டும் என்றும் தோன்றுகிறது, அங்கே போனதுதான் சரி என்றும் தோன்றுகிறது. இரண்டும் சேர்ந்து என்னைத் தூங்க விடவில்லை.

உன் ஆபீசில் என் பதிவேடுகளைக் கீழ்த்தட்டில் தள்ளினார்களாமே. அதில் எனக்குச் சம்மதம் இல்லை. பெரிய மழைகளை நான் முழுதாக அளக்கவில்லை, சரி. குழாய்க்கு அவை உதவாது, அதுவும் சரி. ஆனால் சின்ன மழைகள் எல்லாம் சரியானவை. ஒரு தூறலைக்கூட நான் விட்டதில்லை. உனக்கு வேண்டாம் என்றால் கிணறு தோண்டுகிறவன், தோட்டம் போடுகிறவன் யாராவது ஒருநாள் கேட்பான். மேல்தட்டில் எடுத்து வைக்கச் சொல்லி உன் தலைமைப் பொறியாளரிடம் சொல். நான் சொன்னேன் என்றே சொல்.

என்னை அங்கே வரச் சொல்லி எழுதியிருக்கிறாய். மாப்பிள்ளையை இப்போது அலைய வைக்காதே. நான் வராததற்குப் பிடிவாதம் காரணம் இல்லை. நானும் கிளம்பத்தான் நினைத்தேன். காவலாளியைக் கூப்பிட்டு, இனி நீ அளந்துகொள், மழை வலுத்தால் உடனே போய்ப் பாட்டிலைப் பார், நிரம்பினால் கொட்டி எழுது என்றேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எட்டு மணிக்குத்தான சார் தெறக்கணும்? அதுக்கு முன்னாடி மூடியத் தொடக்கூடாதுன்னு நீங்கதான சொல்வீங்க" என்றான். எவ்வளவு சொல்லியும் அவன் மண்டையில் ஏறவில்லை. அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. முப்பத்தொரு வருஷம் என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டவன்.

அதனால் மழைக்காலம் முடியும்வரை நான்தான் போக வேண்டும்.

அப்பா